போலீஸ் அகாடமி: ஒரு சிரிப்புப் படமும் அமெரிக்கக் காவல்துறை ஆள்சேர்ப்பு வரலாறும்

போலீஸ் அகாடமி 1984 மார்ச் 23 அன்று அமெரிக்காவில் வெளியான நகைச்சுவைத் திரைப்படம் ஆகும். ஹியூ வில்சன் இயக்கிய இப்படத்தைப் பால் மாஸ்லான்ஸ்கி தயாரித்தார். லாட் கம்பெனியின் படமாக உருவான இதை வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டது. காவலர் வேலைக்குச் சற்றும் பொருந்தாதவர்கள் என்று கருதப்படும் ஒரு கூட்டம் பயிற்சிப் பள்ளிக்குள் நுழைகிறது. அவர்களை எப்படியாவது வெளியேற்றிவிட அதிகாரிகள் படும் பாடுதான் கதை. விழுதல், மோதல், உடைதல், குட்டிக்கரணம் என்று உடல் அசைவுகளாலேயே சிரிக்க வைக்கும் 'ஸ்லாப்ஸ்டிக்' வகையைச் சேர்ந்தது இப்படம். இதைத் தொடர்ந்து மேலும் ஆறு படங்கள் வந்தன.

படத்தின் நிகழ்ச்சிகள் கற்பனை. ஆனால் அதன் தொடக்கப் புள்ளி கற்பனை அல்ல. உயரம், எடை, பாலினம் ஆகியவற்றைக் காட்டி ஆட்களை ஒதுக்கி வந்த அமெரிக்கக் காவல்துறைகள், 1970களில் சட்டத்தாலும் நீதிமன்றங்களாலும் தங்கள் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. அந்த மாற்றத்தைக் கண்டு காவல்துறைக்குள் எழுந்த முணுமுணுப்பு ஒரு தயாரிப்பாளரின் காதில் விழுந்தது. அதிலிருந்தே இப்படம் பிறந்தது.

கதைச் சுருக்கம்

பெயர் குறிப்பிடப்படாத ஓர் அமெரிக்க நகரம். புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் மேயர் மேரி சூ பீல், காவலர் பணியில் சேர இதுவரை இருந்த உயரம், எடை, பாலினம், கல்வி, உடல் வலு முதலிய தடைகளை நீக்குவதாக அறிவிக்கிறார். விரும்பும் எவரும் பயிற்சிப் பள்ளியில் சேரலாம் என்றானதும் நூற்றுக்கணக்கானோர் திரண்டு வருகிறார்கள்.

அவர்களில் ஒருவன் கேரி மஹோனி. வண்டி நிறுத்துமிடத்தில் வேலை பார்க்கும் குறும்புக்காரனான அவன், திமிராகப் பேசிய வாடிக்கையாளருக்குப் பாடம் புகட்டப்போய்க் கைதாகிறான். சிறைக்குப் போவதா, பயிற்சிப் பள்ளிக்குப் போவதா என்று அவனுக்கு அறிமுகமான ஓர் அதிகாரி கேட்கிறார். அவன் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறான். தானாக விலகக் கூடாது என்பது நிபந்தனை என்பதால், மேலதிகாரிகளே தன்னைத் துரத்தும்படி நடந்துகொள்ள முயல்கிறான்.

காவல்துறைத் தலைவர் ஹர்ஸ்டுக்கோ நேரெதிரான சிக்கல். புதியவர்களைச் சட்டப்படி வெளியேற்ற முடியாது. ஆகவே அவர்களாகவே ஓடும் அளவுக்குப் பயிற்சியைக் கடுமையாக்கும்படி லெப்டினன்ட் ஹாரிஸுக்கு உத்தரவிடுகிறார். வெளியேற விரும்பும் ஒருவன் வெளியேற முடியவில்லை. வெளியேற்ற விரும்பும் அதிகாரியால் வெளியேற்ற முடியவில்லை. இந்த முரண்பாட்டின் மேல்தான் படத்தின் சிரிப்பு முழுவதும் நிற்கிறது.

பயிற்சி நடக்க நடக்க மஹோனிக்குத் தன் தோழர்கள்மீது பற்று ஏற்படுகிறது. சக பயிற்சியாளரான கேரன் தாம்ப்சன்மீது காதலும் பிறக்கிறது. இதற்கிடையே நகரில் கலவரம் மூள்கிறது. அது மூளக் காரணம், பயிற்சியில் இருக்கும் ஃபாக்லர் என்பவன் யோசிக்காமல் வீசிய ஓர் ஆப்பிள். புதியவர்கள் தவறுதலாகக் கலவரத்தின் நடுவிலேயே கொண்டுபோய் இறக்கிவிடப்படுகிறார்கள். அங்கே ஹாரிஸையும் அவரைக் காப்பாற்றப் போன மஹோனியையும் ஒரு குற்றவாளி பிடித்துவைத்துக்கொள்கிறான். அவர்களை மீட்பவன், ஏற்கெனவே பயிற்சியிலிருந்து நீக்கப்பட்ட ஹைடவர். முடிவில் அவன் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட, அனைவரும் பட்டம் பெறுகிறார்கள்.

படம் உருவான விதம்

1980களின் தொடக்கத்தில் 'தி ரைட் ஸ்டஃப்' என்ற விண்வெளி வீரர்கள் பற்றிய படத்தின் படப்பிடிப்பு சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. அப்படத்தில் பணியாற்றிய மாஸ்லான்ஸ்கி, கூட்டத்தைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்டிருந்த பயிற்சிக் காவலர்களைக் கவனித்தார். குட்டையும் நெட்டையுமாக, ஒல்லியும் பருமனுமாக, ஆணும் பெண்ணுமாக நின்ற அவர்கள், காவலர் என்றதும் மனத்தில் தோன்றும் உருவத்துக்குச் சற்றும் ஒத்துவரவில்லை. இவர்கள் யார் என்று அங்கிருந்த சார்ஜென்டிடம் விசாரித்தார். புதிய விதிகளின்படி எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஆனால் பயிற்சியில் தோற்கடித்து அனுப்பிவிட முடியும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். மாஸ்லான்ஸ்கி பின்னாளில் பேட்டிகளில் பலமுறை நினைவுகூர்ந்த நிகழ்ச்சி இது. அந்தப் பதிலிலேயே ஒரு படத்துக்கான கரு இருப்பதை உணர்ந்த அவர், லாட் கம்பெனியின் தலைவர் ஆலன் லாட் ஜூனியரிடம் அதைச் சொல்லி ஒப்புதல் பெற்றார்.

நீல் இஸ்ரேல், பேட் பிராஃப்ட் ஆகியோர் கதையை எழுதினர். திரைக்கதையில் அவர்களுடன் வில்சனும் சேர்ந்தார். வில்சன் அதற்கு முன் தொலைக்காட்சியில் புகழ் பெற்றவர். ஒரு வானொலி நிலையத்தின் ஊழியர்களைப் பற்றிய 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' தொடரை உருவாக்கியவர். திரைப்பட இயக்கத்தில் அவருக்கு இதுவே முதல் படம். பல விதமான மனிதர்கள் ஒரே கூரையின்கீழ் முட்டி மோதிக்கொள்வதைக் காட்டும் தொலைக்காட்சி அனுபவம் அவருக்கு இங்கே கைகொடுத்தது.

கதை அமெரிக்காவில் நடந்தாலும் படப்பிடிப்பு கனடாவின் டொரான்டோவில் நடைபெற்றது. 1979இல் மூடப்பட்ட லேக்‌ஷோர் மனநல மருத்துவமனையின் கட்டடங்களே படத்தில் பயிற்சிப் பள்ளியாகக் காட்டப்பட்டன. அவ்வளாகம் பிற்காலத்தில் ஹம்பர் கல்லூரியின் ஒரு பகுதியாயிற்று. இராணுவ அணிவகுப்பு இசையைப் போல ராபர்ட் ஃபோக் அமைத்த தொடக்க இசை, தொடர் படங்கள் அனைத்துக்கும் அடையாளமாக நிலைத்தது.

திரையில் முன்னோடிகள்

காவலர்களைப் பார்த்துச் சிரிப்பது அமெரிக்கத் திரைக்குப் புதிதல்ல. 1912இல் மேக் செனட் தொடங்கிய கீஸ்டோன் நிறுவனத்தின் ஊமைப் படங்களில் வந்த 'கீஸ்டோன் காவலர்கள்' ஒருவர்மேல் ஒருவர் விழுந்தும் வண்டியிலிருந்து உருண்டும் மக்களைச் சிரிக்க வைத்தனர். 1922இல் வெளிவந்த பஸ்டர் கீட்டனின் 'காப்ஸ்' படத்தில் ஓர் இளைஞனை நகரின் காவல்படை முழுவதும் துரத்துகிறது.

போலீஸ் அகாடமிக்கு இன்னும் நெருங்கிய முன்னோடி, சார்லி சாப்ளின் 1917இல் எடுத்த 'ஈஸி ஸ்ட்ரீட்'. ரவுடிகள் ஆளும் ஒரு தெருவுக்கு ரோந்து போகும் காவலர்கள் அடிபட்டுத் திரும்புகிறார்கள். யாரும் விரும்பாத அந்த வேலை ஒரு நாடோடிக்குக் கிடைக்கிறது. 1960இல் பிரிட்டனில் வெளியான 'கேரி ஆன் கான்ஸ்டபிள்' படத்தில், காய்ச்சல் பரவி ஆள் பற்றாக்குறை ஏற்பட்ட காவல் நிலையத்துக்கு அனுபவமில்லாத புதியவர்கள் அனுப்பப்படுகிறார்கள். இராணுவப் பயிற்சியை வைத்து எடுக்கப்பட்ட 'பிரைவேட் பெஞ்சமின்' (1980), 'ஸ்ட்ரைப்ஸ்' (1981) ஆகிய படங்கள் பெற்ற வெற்றியும் மாஸ்லான்ஸ்கியின் படத்துக்கு வழி அமைத்தது.

இவற்றுக்கும் போலீஸ் அகாடமிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சாப்ளின் படத்திலும் பிரிட்டிஷ் படத்திலும் பொருந்தாதவர்களுக்குச் சீருடை கிடைப்பது வேறு ஆள் இல்லாததால். போலீஸ் அகாடமியிலோ அவர்களை உள்ளே கொண்டுவருவது ஓர் அரசியல் முடிவு. ஆள் பற்றாக்குறையின் இடத்தில் விதிமாற்றம் வந்து அமர்வதே இப்படத்தை அதன் காலத்தோடு பிணைக்கிறது.

அதே விதிமாற்றத்தை வேறொரு படம் எட்டு ஆண்டுகளுக்கு முன்பே கையாண்டிருந்தது. 1976இல் வெளியான 'தி என்ஃபோர்சர்', கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த 'டர்ட்டி ஹாரி' வரிசையில் மூன்றாவது படம். கதை நடக்கும் இடம் சான் பிரான்சிஸ்கோ. துப்பறியும் பிரிவில் பெண்களைச் சேர்க்கும் மேயரின் கொள்கையை ஹாரி எதிர்க்கிறார். டைன் டேலி நடித்த பெண் அதிகாரி அவருக்குத் துணையாக அமர்த்தப்படுகிறார். தன் திறமையைக் காட்டி ஹாரியின் மதிப்பைப் பெறும் அவர், இறுதியில் ஹாரியைக் காக்கும்போது உயிரிழக்கிறார். பெண் தன் தகுதியை உயிர் கொடுத்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. போலீஸ் அகாடமி அதே கேள்வியைச் சிரிப்பாக்கியது. அதன் பெண்கள் உயிரோடு பட்டம் பெற்றார்கள்.

உயர அளவுகோலின் வரலாறு

லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையில் ஆலிஸ் ஸ்டெபின்ஸ் வெல்ஸ் 1910இல் பணியமர்த்தப்பட்டார். அமெரிக்காவின் முதல் பெண் காவலர்களில் ஒருவராக அவர் கருதப்படுகிறார். ஆனால் அவருக்குப் பின் வந்த பெண்கள் பல பதின்ம ஆண்டுகளுக்குத் தெரு ரோந்துக்கு அனுப்பப்படவில்லை. குழந்தைகள், பெண் கைதிகள் தொடர்பான வேலைகளும் அலுவலகப் பணிகளும் மட்டுமே அவர்களுக்குத் தரப்பட்டன. 1968இல் இண்டியானாபோலிஸ் நகரில் பெட்டி பிளாங்கன்ஷிப், எலிசபெத் கோஃபல் ஆகிய இருவர் ஒரு ரோந்து வண்டியில் அனுப்பப்பட்டது முக்கியமான திருப்பம்.

கறுப்பினத்தவருக்கும் நிலைமை எளிதாக இல்லை. அட்லாண்டா நகரம் 1948இல் எட்டுக் கறுப்பினக் காவலர்களைப் பணியில் சேர்த்தது. அவர்கள் வெள்ளையரைக் கைது செய்ய முடியாது. காவல் தலைமையகத்தில் அவர்களுக்கு இடமும் இல்லை. ஓர் இளைஞர் சங்கக் கட்டடத்தின் அடித்தளத்திலிருந்து அவர்கள் பணிக்குச் சென்றனர். 1967இல் பல நகரங்களில் கலவரங்கள் வெடித்ததை அடுத்து அமைக்கப்பட்ட கெர்னர் ஆணையம், காவல்துறைகளில் கறுப்பினத்தவரை அதிகமாகச் சேர்க்க வேண்டும் என்று 1968இல் பரிந்துரைத்தது.

நேரடியாகத் 'பெண் கூடாது', 'கறுப்பர் கூடாது' என்று எழுதாமலே ஒதுக்க உதவியது உயர அளவுகோல். பல நகரங்களில் காவலர்க்குக் குறைந்தது 5 அடி 8 அங்குல உயரம் கேட்கப்பட்டது. அமெரிக்கப் பெண்களின் சராசரி உயரம் 5 அடி 4 அங்குலத்தை ஒட்டியது. எனவே இந்த ஒரு வரி விதியே பெரும்பாலான பெண்களை வாசலில் நிறுத்திவிடப் போதுமானதாக இருந்தது. சீன, இலத்தீன் அமெரிக்க வழிவந்த ஆண்கள் பலரும் இதனால் தடுக்கப்பட்டனர்.

இவ்விதிகளைத் தகர்த்தவை மூன்று நிகழ்வுகள். முதலாவது, 1971இல் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. ஒரு தகுதி விதி பார்வைக்குப் பொதுவானதாக இருந்தாலும், அது ஒரு பிரிவினரை அதிகமாக ஒதுக்குமானால், அந்த வேலைக்கு அது உண்மையிலேயே தேவை என்று வேலை தருபவர் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். இரண்டாவது, 1972ஆம் ஆண்டின் சம வேலைவாய்ப்புச் சட்டம். 1964ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பிரிவு அதுவரை தனியார் நிறுவனங்களையே கட்டுப்படுத்தியது. 1972இல் அது மாநில அரசுகளுக்கும் நகராட்சிகளுக்கும் விரிந்தது. காவல்துறைகள் அதன் வரம்புக்குள் வந்தன.

மூன்றாவது, 1977ஆம் ஆண்டின் டோதார்ட் எதிர் ராலின்சன் வழக்கு. அலபாமா மாநிலத்தில் சிறைக்காவலர் ஆவதற்குக் குறைந்தது 5 அடி 2 அங்குல உயரமும் 120 பவுண்டு எடையும் தேவைப்பட்டன. எடை குறைவு என்று ஒரு பெண் நிராகரிக்கப்பட்டார். இவ்விரு விதிகளும் சேர்ந்து நாட்டின் பெண்களில் 41 விழுக்காட்டினரைத் தகுதியற்றவர்களாக்கும், ஆண்களிலோ ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவர்களையே தடுக்கும் என்பது நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. வேலைக்கு வலு தேவை என்றது மாநில அரசு. வலு தேவையென்றால் வலுவையே நேரடியாகச் சோதிக்கலாமே என்பது நீதிமன்றத்தின் விடை. உயர, எடை விதிகள் செல்லாதவையாயின. ஆனால் அதே தீர்ப்பு, கடுங்காவல் கொண்ட ஆண்கள் சிறைகளில் கைதிகளோடு நேரடித் தொடர்புள்ள பணிகளிலிருந்து பெண்களை விலக்கிய விதியை அனுமதித்தது. கதவு திறந்தது, முழுவதுமாக அல்ல.

மாஸ்லான்ஸ்கிக்குக் கதைக் கரு கிடைத்த சான் பிரான்சிஸ்கோவில் இப்போராட்டம் தீவிரமாக நடந்தது. கறுப்பினக் காவலர்கள் அமைத்த 'நீதிக்கான அதிகாரிகள்' என்ற சங்கம் 1973இல் நகரின் பணியாளர் தேர்வு முறையை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 1975இல் அந்நகரில் பெண்கள் ரோந்துக் காவலர்களாகச் சேர்ந்தனர். 1979இல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நீதிமன்ற ஆணையின்கீழ் ஆள்சேர்ப்பு முறை மாற்றப்பட்டது. படம் உருவான காலத்தில் அந்நகரின் மேயராக இருந்தவர் டயான் ஃபைன்ஸ்டைன், அப்பதவியை வகித்த முதல் பெண். திரையில் வரும் மேயர் பெண்ணாக இருந்தது அன்றைய பார்வையாளருக்கு வியப்பாக இருந்திருக்காது.

இரண்டாவது வாசல்

படத்தின் அறிவிப்பைக் கேட்டு வருபவர்கள் முதல் வாசலை எளிதாகக் கடந்துவிடுகிறார்கள். கதை முழுவதும் நடப்பது இரண்டாவது வாசலில். தலை மழிப்பு, கவாத்து, தண்டனை ஓட்டம், இரவுச் சோதனை, சக பயிற்சியாளரையே ஒற்றராக்குதல் என்று ஹாரிஸ் கையாளும் வழிகள் எதுவும் சட்டத்தை மீறுவதாகத் தோன்றாது. பயிற்சி என்ற பெயரில் அனைத்தையும் செய்யலாம். பிளாங்க்ஸ், கோப்லாண்ட் என்ற இருவரை அவர் அணித் தலைவர்களாக்கி மற்றவர்களைத் துன்புறுத்த வைக்கிறார்.

சான் பிரான்சிஸ்கோ சார்ஜென்டின் பதிலில் இருந்ததும் இதுதான். சேர்ப்பதை நீதிமன்றம் கண்காணிக்கும். பயிற்சித் திடலில் நடப்பதை யார் கண்காணிப்பார்? உண்மையில் புதியவர்களைப் பயிற்சியில் தோற்கடிக்கலாம். படம் அந்த வழியையும் அடைத்து, அவர்களாக விலகினால் ஒழிய வெளியேற்ற முடியாது என்று கதையை மாற்றிக்கொண்டது. இதனால் அதிகாரியின் கொடுமை ஒவ்வொன்றும் அவருக்கே திரும்பி வந்து விழுகிறது. மோட்டார் சைக்கிளிலிருந்து பறந்து குதிரையின் பின்புறத்தில் ஹாரிஸ் மோதும் காட்சி அவற்றில் மிகவும் பேசப்பட்டது.

இந்த இரண்டாவது வாசல் படத்தோடு முடிந்துபோன சங்கதி அல்ல. லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையை ஆராய்ந்த கிறிஸ்டோபர் ஆணையம் 1991இல் அளித்த அறிக்கையில், புதிய காவலர்களைத் தெருவில் பழக்கும் பயிற்சி அதிகாரிகள் வழியாகவே பழைய மனப்போக்குகள் அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன என்று சுட்டிக்காட்டியது. பெண் அதிகாரிகள் அளவுமீறிய பலத்தைப் பயன்படுத்துவது ஆண்களைவிடக் குறைவு என்றும் அவ்வறிக்கை கூறியது.

கதைமாந்தரும் அவர்கள் தகுதியும்

மஹோனியாக ஸ்டீவ் குட்டன்பெர்க், கேரன் தாம்ப்சனாகக் கிம் கேட்ரல், ஹாரிஸாக ஜி. டபிள்யூ. பெய்லி, பள்ளித் தலைவர் லசார்டாக ஜார்ஜ் கெய்ன்ஸ் நடித்தனர். துப்பாக்கியைக் காதலிக்கும் டாக்கிள்பெரியாக டேவிட் கிராஃப் நடித்தார். டர்ட்டி ஹாரி போன்ற துப்பாக்கி வீரர்களின் கேலிச் சித்திரம் அது. வாயாலேயே இயந்திரங்கள், துப்பாக்கிகள், வானூர்திகள் என எல்லா ஒலிகளையும் எழுப்பும் ஜோன்ஸ் பாத்திரத்தை மேடைக் கலைஞரான மைக்கேல் வின்ஸ்லோ தன் சொந்தத் திறமையால் நிறைத்தார். லெஸ்லி ஈஸ்டர்புரூக் நடித்த சார்ஜென்ட் காலகன், தற்காப்புப் பயிற்சியில் ஆண்களைத் தரையில் புரட்டி எடுக்கும் பெண் அதிகாரி.

படத்தின் கருத்தைத் தாங்குபவர்கள் இருவர். ஒருவர் மோசஸ் ஹைடவர். இவ்வேடத்தில் நடித்த பபா ஸ்மித், 1967இல் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தின் ஆள்தேர்வில் முதல் ஆளாகத் தேர்வானவர். பால்டிமோர் கோல்ட்ஸ் அணிக்காக ஆடியவர். பழைய உயர, எடை விதிகள் எதுவும் இவரைத் தடுத்திருக்காது. ஆனால் கதையில் ஹைடவர் ஒரு பூக்கடைக்காரர்; கார் ஓட்டத் தெரியாதவர்; மென்மையாகப் பேசுபவர். உருவத்தை வைத்து ஆளை அளப்பது எவ்வளவு தவறு என்பதை மறுபக்கத்திலிருந்து காட்டும் பாத்திரம் இது.

மற்றவர் மரியன் ராம்சே நடித்த லாவெர்ன் ஹுக்ஸ். சிறிய உருவமும் கீச்சுக் குரலும் கொண்ட கறுப்பினப் பெண். ஓட்டுநர் பயிற்சியில் அவர் தவறுதலாகக் கோப்லாண்டின் காலில் வண்டியை ஏற்றிவிட, அவன் இன வசையால் அவரைத் திட்டுகிறான். அதைக் கேட்ட ஹைடவர், கோப்லாண்ட் உள்ளே இருக்கும்போதே காவல் வண்டியைக் கவிழ்த்துவிடுகிறார். வெளியேற்றப்படுபவர் வசை பாடியவன் அல்ல, ஹைடவர். சிரிப்புப் படத்துக்குள் வரும் சிரிப்பில்லாத நிமிடம் இது. நீக்க முடியாதவர்களை நீக்கவும் ஒரு வழி இருக்கிறது என்பதை இக்காட்சி காட்டிவிடுகிறது: அவமதித்துச் சீண்டினால் போதும், எதிர்வினை குற்றமாகிவிடும். கலவரத்தின்போது ஹுக்ஸின் கீச்சுக் குரல் திடீரென இடி போல முழங்கி ஒருவனை நிறுத்தும் இடத்தில் திரையரங்குகள் கைதட்டின.

இதே கேள்வி திரைக்கு வெளியே ஆய்வாகவும் கேட்கப்பட்டது. 1972இல் வாஷிங்டன் நகரம் பெண்களைப் பெரும் எண்ணிக்கையில் ரோந்துக்கு அனுப்பியபோது, 86 புதிய பெண் காவலர்களையும் 86 புதிய ஆண் காவலர்களையும் ஒப்பிட்டு ஒரு காவல்துறை ஆய்வு நிறுவனம் அறிக்கை தந்தது. பெண்கள் குறைவான கைதுகளைச் செய்திருந்தனர். ஆண்கள் மீது கடுமையான ஒழுங்கீனப் புகார்கள் அதிகம் இருந்தன. மொத்தத்தில் ரோந்துப் பணியைப் பெண்களால் போதிய அளவு செய்ய முடியும், அவர்களை மறுக்கக் காரணமில்லை என்பது அதன் முடிவு.

வரவேற்பும் வசூலும்

விமர்சகர்கள் பலர் படத்தை ஏற்கவில்லை. சிகாகோவின் புகழ்பெற்ற விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதற்கு ஒரு நட்சத்திரம்கூடத் தரவில்லை. மக்களின் தீர்ப்பு வேறாக இருந்தது. 50 இலட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுக்கப்பட்ட படம் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் 8 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 1984இல் வெளியான படங்களில் 'பெவர்லி ஹில்ஸ் காப்', 'கோஸ்ட்பஸ்டர்ஸ்', இண்டியானா ஜோன்ஸின் இரண்டாவது படம், 'கிரெம்லின்ஸ்', 'தி கராத்தே கிட்' ஆகியவற்றுக்கு அடுத்து ஆறாவது இடத்தைப் பிடித்தது. பெரிய நட்சத்திரம் எவரும் இல்லாத படத்துக்கு இது அரிய வெற்றி.

தொடர் படங்கள்

முதல் படம் அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழுடன் வந்தது. ஆபாசச் சிரிப்பும் நிர்வாணமும் அதில் இருந்தன. இரண்டாவது படம் 'பிஜி-13' சான்றும், மூன்றாவது முதல் 'பிஜி' சான்றும் பெற்றன. சிறுவர்களும் பார்க்கும் குடும்பப் படங்களாக வரிசை மாறியது. 1985 முதல் 1989 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து படங்கள் வெளிவந்தன. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஜெரி பாரிஸ் இயக்கினார். நான்காவது படத்துடன் குட்டன்பெர்க் விலகினார். 1988இல் ஓர் அசைபடத் தொடரும் தொலைக்காட்சிக்கு வந்தது.

ஏழாவது படமான 'மிஷன் டு மாஸ்கோ' 1994இல் வெளியானது. சோவியத் ஒன்றியம் கலைந்த பின் ரஷ்யாவிலேயே படமாக்கப்பட்ட அமெரிக்க நகைச்சுவைப் படம் இது. 1993 இலையுதிர் காலத்தில் அதிபருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே ஏற்பட்ட நெருக்கடி மாஸ்கோ தெருக்களில் மோதலாக வெடித்த நாள்களில் படக்குழுவினர் அங்கே இருந்தனர். படம் வசூலில் படுதோல்வி அடைந்தது. 1997இல் ஒரு தொலைக்காட்சித் தொடரும் வந்து ஓராண்டில் நின்றது. கெய்ன்ஸ், வின்ஸ்லோ, கிராஃப் ஆகிய மூவரும் ஏழு படங்களிலும் நடித்தவர்கள்.

வரிசை நீண்டபோது மூலக் கதையின் முரண்பாடு காணாமற்போனது. விரட்டப்பட வேண்டியவர்கள் என்று தொடங்கியவர்கள் நிரந்தரக் காவலர்களாகிவிட்டனர். அவர்களை எதிர்க்கும் நிறுவனம் இல்லாமற்போய், எரிச்சல்பிடித்த ஓர் அதிகாரி மட்டும் எஞ்சினார். முதல் படத்தின் நாயகியான கேரன் தாம்ப்சன் பிற படங்களில் வரவே இல்லை.

குறைகள்

விலக்கப்பட்டவர்களின் பக்கம் நிற்கும் இப்படம் வேறு சிலரை எளிதாக விலக்கிவிடுகிறது. பிளாங்க்ஸும் கோப்லாண்டும் தவறான முகவரி தரப்பட்டுத் தன்பாலீர்ப்பு ஆண்கள் கூடும் 'புளூ ஆய்ஸ்டர்' மதுக்கடைக்குள் போய்ச் சிக்குகிறார்கள். தோலாடை அணிந்த ஆண்களோடு அவர்கள் நடனமாட நேர்வதே அங்கு நகைச்சுவை. அம்மனிதர்களுடன் இருப்பதே தண்டனை என்பது அதன் உட்பொருள். தொடர் படங்களும் இதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தின. ஆனால் படம் வருவதற்கு முன்பே, 1981இல் நியூயார்க் காவல்துறையின் சார்ஜென்ட் சார்ல்ஸ் காக்ரன், தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை நகர மன்றத்தின் முன் வெளிப்படையாக அறிவித்திருந்தார். 1982இல் அத்தகைய காவலர்களுக்கான சங்கமும் அந்நகரில் தொடங்கப்பட்டது. படம் சிரித்த அந்தக் கதவை உண்மையான காவலர்கள் ஏற்கெனவே தட்டத் தொடங்கிவிட்டனர்.

பெண்களின் நிலையும் கலப்பானது. காலகன் வலிமையானவராகக் காட்டப்பட்டாலும் கேமரா அவரது உடலையே நாடுகிறது. பெண்கள் குளியலறையை ஒளிந்து பார்ப்பது விளையாட்டாகவே காட்டப்படுகிறது. விதி மாறியதால் அதிகம் பயன்பெற்றவர்கள் பெண்கள்; கதையின் நாயகனோ விதி மாறாவிட்டாலும் தேர்வாகியிருக்கக்கூடிய ஒரு வெள்ளை இளைஞன். இன்று இப்படத்தைப் பார்ப்பவர் இவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வரலாற்று இடம்

போலீஸ் அகாடமி கருத்துச் சொல்ல எடுக்கப்பட்ட படம் அல்ல. அதன் தொடக்கத்தில் மேயரின் முடிவே கேலிக்குரியதாகத் தெரிகிறது. யாரை வேண்டுமானாலும் சேர்த்தால் இப்படித்தான் ஆகும் என்ற காவல்துறையின் முணுமுணுப்பை அது அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஆனால் கதை முடியும்போது சிரிப்பு திசை மாறியிருக்கிறது. கேலிக்குள்ளாவது உள்ளே வந்தவர்கள் அல்ல, அவர்களை விரட்ட முயன்றவர்கள். பழைய அளவுகோலின்படி மிகத் தகுதியானவர்களான பிளாங்க்ஸும் கோப்லாண்டும்தான் இறுதியில் உதவாதவர்களாகிறார்கள்.

சட்டம் மாறி அரை நூற்றாண்டு கடந்த பின்னும் அமெரிக்கக் காவலர்களில் பெண்கள் ஏறத்தாழ எட்டில் ஒருவராகவே இருக்கிறார்கள். உயர அளவுகோல் மறைந்துவிட்டது; எண்ணிக்கை அதற்கேற்ப உயரவில்லை. வாசலில் இருந்த தடைகளை நீதிமன்றங்களால் அகற்ற முடிந்தது. வாசலுக்கு உள்ளே, பயிற்சித் திடலிலும் பணியிலும் நடப்பவற்றை மாற்றுவது அதைவிடக் கடினமாக இருந்திருக்கிறது. குதிரையின் பின்புறத்தில் அதிகாரி மோதும் படத்தில் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய செய்தி அதுவே.